சிலேத்தார் சத்தம் யாருடையது?

ஃபெர்ன்வேல் மீனா
8 ஜூலை 2023, இரவு 9.12

ஃபெர்ன்வேலுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. சிலேத்தார் விமான நிலையம் யாருக்காக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொந்தமாக ஜெட் வைத்திருப்பவர்கள் நிறுத்திவைக்க ஓர் இடம், அவ்வளவுதானே? இன்று சாயங்காலம் பிள்ளையைத் தூங்கவைத்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பையன் அலறி எழுந்துவிட்டான். சாங்கி விமான நிலையம் இருக்கும்போது சிங்கப்பூர் மாதிரிச் சின்ன ஊரில் இன்னொன்று எதற்கு? மூடிவிட்டு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு கட்டலாம்.

பழைய ஹேங்கர்
8 ஜூலை, இரவு 10.40

கண்ணாடி அதிர்ந்தால் அது சிலேத்தார் இல்லை. இன்று சனிக்கிழமை, தேசிய தின ஒத்திகை நேரம். நீங்கள் கேட்டது பாய லேபார் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய போர் விமானம். எஃப்-15. பின்னால் வெளியேறும் புகையிலேயே இன்னும் எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள், அந்த உறுமல்தான் கண்ணாடியைத் தொடும். சிலேத்தாரில் அந்த மாதிரி எதுவும் கிடையாது.

பழைய ஹேங்கர்
8 ஜூலை, இரவு 10.58

நீ யார் சொல்வதற்கு என்று கேட்பார்கள். 1985-இலிருந்து 2019 வரை சிலேத்தாரில் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கர்களில் வேலை. ஸ்பேனர் பிடித்த கை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். காது கொஞ்சம் மந்தம், ஆனால் விமானச் சத்தம் மட்டும் பெயரோடு காதில் விழும்.

பழைய ஹேங்கர்
9 ஜூலை, காலை 7.20

தூங்கி எழுந்து படித்துப் பார்த்தால் நேற்று எழுதியது கொஞ்சம் வெடுக்கென்று இருக்கிறது. தங்கச்சி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை அலறினால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரும். ஆனால் விஷயம் விஷயம்தான். செங்காங், ஹவ்காங், பொங்கோல் மூன்றிலும் இதே கதை. வானத்தில் எது உறுமினாலும் பக்கத்தில் தெரியும் விமான நிலையத்தின் மேல் பழி போடுவார்கள். பாய லேபார் பெரியது, வேலிக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது. சிலேத்தார் சின்னது, ஆனால் பக்கத்து ஜாலான் காயு தெருவுக்குப் பிராட்டா (பரோட்டா) சாப்பிடப் போகும்போது தெரியும்.

பாய லேபார் தளத்தை 2030-க்கு மேல் இடம் மாற்றப்போவதாக 2013 தேசிய தினப் பேரணியிலேயே பிரதமர் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்ட வீடு அங்கேதான் வரும். சிலேத்தாரைத் தொட வேண்டியதில்லை.

ஈசூன் பெரிசு
9 ஜூலை, பிற்பகல் 1.15

அண்ணே, அப்படியானால் சனி, ஞாயிறு காலையில் தலைக்கு மேல் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதுவும் எஃப்-15-ஆ?

பழைய ஹேங்கர்
9 ஜூலை, பிற்பகல் 1.31

அது வேறு. பயிற்சி விமானம். சத்தம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஃபெர்ன்வேல் மீனா
9 ஜூலை, இரவு 8.02

காது மந்தம் என்று நீங்களே சொன்னீர்கள் அண்ணே.

பழைய ஹேங்கர்
10 ஜூலை, காலை 6.45

சரி. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நானும் ஃபெர்ன்வேலில்தான் இருக்கிறேன், உங்களுக்கு நாலு புளோக் தள்ளி இருக்கலாம். அடுத்த சனிக்கிழமை எங்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருகிறேன். என்ன சத்தம், எந்தத் திசை, என்ன விமானம் என்று எழுதுகிறேன். பிறகு பேசலாம்.

பழைய ஹேங்கர்
15 ஜூலை, பிற்பகல் 12.50

காலை 8 முதல் 11.30 வரை உட்கார்ந்தேன். ஃபிளாஸ்கில் கோப்பி ஓ. பெரிய குடை. நோட்டிலிருந்து அப்படியே:

8.12 ஒற்றை என்ஜின், இரண்டு முறை சுற்றியது. 8.30 மறுபடி அதே. 8.47 இரட்டை டர்போபிராப் (டர்பைன் சுழற்றும் புரொப்பெல்லர் விமானம்), ஏற்றம், தெற்கு நோக்கி. 9.05 பிசினஸ் ஜெட், ஏற்றம், தெற்கு, இதுதான் காலையில் பெரிய சத்தம். 9.20 ஒற்றை என்ஜின், பக்கத்தில்தான், ஆனால் வானத்தில் காணோம். 9.26 இன்னும் கேட்கிறது, இன்னும் காணோம். 9.31 எட்டிப் பார்த்தால் கீழே நகர மன்றப் புல்வெட்டி.

முப்பத்து நான்கு வருடம் என்ஜினோடு குப்பை கொட்டியவன் புல்வெட்டியை விமானம் என்று எழுதினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதிதான், பிஸ்டன் என்ஜின்.

பழைய ஹேங்கர்
15 ஜூலை, இரவு 9.40

சாப்பிட்டுவிட்டு நோட்டை மறுபடி பார்த்தேன். புல்வெட்டியைக் கழித்தாலும் காலை முழுக்க எழுதியதில் ஒரு போர் விமானம்கூட இல்லை. எல்லாமே சிலேத்தார்.

அதாவது 8-ஆம் தேதி நான் எழுதியதில் பாதி தப்பு. கண்ணாடி அதிர்ந்தது எஃப்-15 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "சிலேத்தாருக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்கிற தோரணையில் எழுதினேன் பாருங்கள், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஹேங்கர்
16 ஜூலை, காலை 10.05

இன்னொன்று உறைத்தது. நேற்று எழுதியதில் பெரியவை எல்லாம் "ஏற்றம், தெற்கு". இது தற்செயல் இல்லை.

சிலேத்தார் ரன்வேக்கு ஒரு முனையில் 03 என்றும் மறு முனையில் 21 என்றும் எண். திசைமானியில் 30 டிகிரி, 210 டிகிரி, கடைசிப் பூஜ்யத்தை வெட்டிவிட்டு எழுதுவார்கள். ஒரு முனை ஜோகூர் நீரிணையைப் பார்க்கிறது. மறு முனை இயோ சூ காங் பக்கம், அதாவது ஊரை. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். இப்போது தென்மேற்குப் பருவக்காற்று. காற்று தெற்கிலிருந்து வருகிறது. அதனால் ஊரைப் பார்த்து ஏறுகிறார்கள். ஏறும்போது என்ஜின் முழு விசையில் இருக்கும். நம் புளோக்குகளுக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் மேற்கே தள்ளி, ஆனாலும் சத்தம் பக்கவாட்டில் வந்து விழுகிறது.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று வந்தால் தலைகீழ். நீரிணைப் பக்கம் ஏறுவார்கள், ஊர் மேல் இறங்குவார்கள். இறங்கும்போது விசையைக் குறைத்துவிடுவார்கள், பாதிச் சத்தம்கூட வராது. தங்கச்சி குடிவந்தது ஏப்ரலில். வந்ததிலிருந்து வாய்த்தது சத்தமான பருவம். ஜனவரியில் இதே மாடியில் உட்கார்ந்து சரிபார்ப்போம்.

ஃபெர்ன்வேல் மீனா
16 ஜூலை, இரவு 9.30

காற்று கணக்கு புரிகிறது. கொசு மாதிரிச் சுற்றுவதற்குக் காற்றா காரணம்?

பழைய ஹேங்கர்
17 ஜூலை, காலை 7.10

இல்லை. அது பழகும் பிள்ளைகள். ஏறி, ஆயிரம் அடிக்கு முன்பின் உயரத்தில் ஒரு நீள்வட்டம் போட்டு, வந்து சக்கரத்தை ரன்வேயில் தொட்டு, நிற்காமல் மறுபடி ஏறிவிடுவார்கள். இறங்கக் கற்றுக்கொள்ள வேறு வழி இல்லை. சைக்கிள் பழகும் பிள்ளை புளோக்கைச் சுற்றிச் சுற்றி வருவது போலத்தான்.

பணக்காரர்கள் என்றீர்கள். யூத் ஃப்ளையிங் கிளப் 1971-இலிருந்து நடக்கிறது. அங்கே பழகுவது தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். எங்கள் மாடியில் ஒரு பெண், அவள் அப்பா டாக்சி ஓட்டுகிறார். அவளும் அங்கேதான் பழகினாள். தனியாக முதல் முறை பறந்த அன்று கொரிடோரில் எல்லார் வீட்டுக்கும் கேக் வந்தது.

பழைய ஹேங்கர்
2 ஆகஸ்ட், இரவு 8.25

ஈசூன் பெரிசு தனியாகக் கேட்டார், எண்ணெய் வாடை வருகிறதே, விமானப் பெட்ரோல் நம் பெட்ரோல்தானா என்று. இல்லை. ஜெட்டும் டர்போபிராப்பும் குடிப்பது ஒருவகை மண்ணெண்ணெய். பிஸ்டன் விமானங்கள் பெரும்பாலும் தனிப் பெட்ரோலில் ஓடும், அதில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. கார் பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆயிற்று, இதில் இன்னும் முடியவில்லை. அடையாளத்துக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள்.

அந்த நீலத்தோடு எனக்கு ஒரு கதை உண்டு. 1986, சேர்ந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. காலையில் முதல் வேலை, இறக்கைக்குக் கீழே குனிந்து, டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்பது. இரவு மழையில் தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் தனியாகத் தங்கும், நடுவில் கோடு தெரியும். அன்று பிடித்தேன். தூக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. சுத்தம் என்று கத்தினேன். எங்கள் ஃபோர்மன் ஒரு சீனத்து அங்கிள். மெதுவாக வந்தார், குழாயை வாங்கி வானத்துக்கு நேராகப் பிடித்தார். "பிரு மானா?" என்றார். மலாயில், நீலம் எங்கே என்று. குழாய் முழுக்கத் தண்ணீர். பாதி தண்ணீர் இருந்திருந்தால் கோடு தெரிந்திருக்கும், முழுக்கத் தண்ணீர் என்பதால் சுத்தமாகத் தெரிந்தது.

அவர் திட்டவில்லை. அந்த விமானத்தின் டேங்க்கை முழுக்க வடிக்க வைத்தார், நானே வாளி வாளியாக.

ஃபெர்ன்வேல் மீனா
2 ஆகஸ்ட், இரவு 9.00

அண்ணே, 8 ஜூலை எழுதியபோது பிரு மானா?

பழைய ஹேங்கர்
2 ஆகஸ்ட், இரவு 9.04

😶

பழைய ஹேங்கர்
6 ஆகஸ்ட், காலை 9.15

சொந்த ஜெட் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. புது முனையத்தில் அவர்களுக்குத் தனி வழியே உண்டு. சம்பளம் கொடுத்ததும் அதுதான், பின்னாளில் என் வேலையில் பாதி அந்த ஜெட்டுகள்.

ஆனால் இன்னொரு வகை விமானமும் வரும். இந்தோனீசியத் தீவுகளிலிருந்து, இன்னும் தூரத்திலிருந்தும், நோயாளியை ஏற்றிக்கொண்டு இங்குள்ள மருத்துவமனைகளுக்கு. ஒரு நாள் இரவு வேலை. ஹேங்கர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குட்டி ஜெட், கதவு நம் லிஃப்ட் கதவைவிடக் குறுகல். ஸ்ட்ரெச்சரை நேராக இறக்க முடியாது. தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் இருவர், சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து. தாதி ஒரு கையால் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் பின்பக்கமாக இறங்கினார். கூட வந்த பெரியம்மா ஒருவர் மட்டும் செருப்பில்லாமல் தார்ப்பரப்பில் நின்றிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை என்ஜின் நின்றிருந்ததால் அத்தனையும் சத்தமில்லாமல் நடந்தது.

இதைச் சொன்னால் சத்தம் குறையுமா, குறையாது. கேட்டீர்களே யாருக்காக என்று, அதற்காகச் சொன்னேன்.

பழைய ஹேங்கர்
20 ஆகஸ்ட், பிற்பகல் 3.30

ஞாயிறு மதியம், தூக்கம் வரவில்லை. பழசை எழுதுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சிலேத்தார் முன்பு பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். எங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தவர். விமான நிலையம் என்று அவர் சொன்னதே கிடையாது, "கேம்ப்"தான். 1928 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து நான்கு கடல் விமானங்கள் வந்து இறங்கியது இங்கேதான். காலாங் விமான நிலையம் 1937-இல் திறக்கும்வரை பயணிகள் விமானமும் இங்கேதான் வந்து போனது. அப்பா 1957-இல் துணி தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தார், அதிகாரிகளின் சட்டை. சண்டர்லாண்ட் கடல் விமானம் நீரிணையில் இறங்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் எழுந்து விமானமே மறைந்துபோகும் என்பார். 1959-இல் அதையும் ஓரங்கட்டிவிட்டார்கள்.

1968 ஜனவரியில் படைகளை வாபஸ் வாங்குவதாக லண்டனில் அறிவித்தார்கள். எனக்கு ஐந்தரை வயது. எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. அப்பா பகலில் வீட்டில் இருந்தார். அம்மா பேசாமல் அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரார் சட்டையெல்லாம் தேய்த்த மனுஷன், தன் சட்டையை அம்மா தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைக்காரன் போனாலும் தெருப் பெயர்கள் போகவில்லை. பிக்காடிலி, பார்க் லேன், லாம்பெத் வாக், பேக்கர் ஸ்திரீட். அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்களில் நிறைய இடிந்துபோய், மிச்சத்தில் சிலது இப்போது சாப்பாட்டுக் கடை. ஓவல் தெருவில் இருக்கும் ஒன்றில் மகள் என்னை ஒருமுறை கூட்டிப்போய் கேக் வாங்கிக் கொடுத்தாள். அந்த வீடுகளுக்கு அப்பா பின்வாசல் வழியாகத்தான் போயிருப்பார். கேக் நன்றாகத்தான் இருந்தது.

ஈசூன் பெரிசு
20 ஆகஸ்ட், மாலை 5.10

ஜாலான் காயு பெயர் எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.

பழைய ஹேங்கர்
20 ஆகஸ்ட், மாலை 5.45

காயு என்றால் மலாயில் மரம். தளத்தைக் கட்டிய எஞ்சினியர் உட்ஸ் என்பவர், அந்தப் பெயரை மலாயில் மொழிபெயர்த்துத் தெருவுக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் கேட்டபடி சொல்கிறேன், சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். நமக்குத் தெரிந்த காயு வேறு. தேசிய விளையாட்டரங்கில் நடுவர் தப்பாக விசில் ஊதினால் ஐம்பதாயிரம் பேரும் "ரெஃபரி காயு!" என்று கத்துவோமே, அது. பக்கத்து எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குத் தங்கம் என்று பெயர். ஒரு பக்கம் மரமண்டை, இன்னொரு பக்கம் தங்கம்.

பிராட்டாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எந்தக் கடை நல்லது என்று ஆரம்பித்தால் விமானச் சத்தத்தைவிடப் பெரிய சண்டை வரும்.

ஃபெர்ன்வேல் மீனா
3 செப்டம்பர், இரவு 8.50

புதுப் பிரச்சினை. பையனுக்குத் தாத்தா ஊரிலிருந்து பட்டம் கொண்டுவந்தார். திடலில் விட்டுக்கொண்டிருந்தோம். ஓர் அங்கிள் வந்து, இங்கே பட்டம் விட அனுமதி வாங்க வேண்டும் என்கிறார். நிஜமா? விமானம் சத்தம் போடலாம், பிள்ளை பட்டம் விடக்கூடாதா?

பழைய ஹேங்கர்
3 செப்டம்பர், இரவு 9.20

நிஜம். விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் பட்டத்துக்கு அனுமதி வேண்டும். ஆளில்லா வானூர்திக்கும் அப்படித்தான். அதைத் தாண்டினாலும் 60 மீட்டருக்கு மேல் போக அனுமதி வேண்டும். வரைபடத்தில் சிலேத்தாரைச் சுற்றி ஒரு வட்டம், பாய லேபாரைச் சுற்றி ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டியது நம் செங்காங்.

பட்டம் பறவை மாதிரி இல்லை, நூல் இருக்கிறது. சின்ன விமானத்தின் புரொப்பெல்லரில் நைலான் நூல் சிக்கினால் அச்சில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அந்த மாதிரி நூலைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறேன், தலைமுடி போல இறுகியிருக்கும். நல்லவேளை அது நிறுத்திவைத்திருந்த விமானம், நூல் எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்தது.

பழைய ஹேங்கர்
3 செப்டம்பர், இரவு 9.50

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் பட்டம் வீவக மூன்றாம் மாடியைத் தாண்டியிருக்காது. நான் கேட்பது ஒன்றுதான். இந்த விதி இருப்பது அந்தத் திடலில் நிற்கும் எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்? நாய் கட்டிப்போடவும் பலகை உண்டு, பந்து விளையாடாதே என்றும் பலகை உண்டு. எங்கள் திடலில் பட்டத்துக்கு ஒன்றும் பார்த்ததில்லை. ஒரு வானவியல் வட்டத்துக்குள் குடியிருக்கிறோம் என்று வீட்டுச் சாவி கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன?

(வானவியல் என்றது தப்பு, அது நட்சத்திர சாஸ்திரம். விமான வட்டம் என்று வாசிக்கவும்.)

பழைய ஹேங்கர்
17 செப்டம்பர், இரவு 10.15

ஈசூன் பெரிசுவின் மகன் கேட்டாராம், அவ்வளவு பெரிய முனையத்தில் ஆளே இல்லையே என்று. 2018 நவம்பர் 19-இல் திறந்தார்கள். செலவு 80 மில்லியன் வெள்ளி, ஆண்டுக்கு 700,000 பேர் போகலாம். சாங்கியின் நெரிசலில் புரொப்பெல்லர் விமானங்கள் ஏன் இடத்தை அடைக்க வேண்டும், அவற்றை இங்கே நகர்த்தினால் பெரிய ஜெட்டுக்கு அங்கே இடம் என்பது யோசனை. நல்ல யோசனை. கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங்குக்குப் போகும் மலேசிய விமான நிறுவனம் ஃபயர்ஃபிளை டிசம்பர் 1-ஆம் தேதி இங்கிருந்து கிளம்ப வேண்டும். நான் சின்னப் பிள்ளை மாதிரி முதல் வாரத்துக்கே டிக்கெட் போட்டுவைத்தேன்.

பறக்கவில்லை. முன்பு சொன்ன ரன்வேயின் அந்த நீரிணை முனைக்கு எதிரே மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகம். கருவியின் துணையோடு இறங்கும் ஐஎல்எஸ் முறையை இங்கே கொண்டுவருவதாகச் சிங்கப்பூர் அறிவித்ததும், அந்தப் பாதை எங்கள் துறைமுகத்தின் தலைமேல் வருகிறது, அங்கே உயரமாக எதுவும் கட்ட முடியாது என்று மலேசியா ஆட்சேபித்தது. அந்த வான்பகுதிக்குத் தடையும் போட்டது. கடைசியில் 2019 ஏப்ரலில் பேசி முடித்தார்கள். இவர்கள் ஐஎல்எஸ்ஸை விலக்கிக்கொண்டார்கள், அவர்கள் தடையை நிறுத்திவைத்தார்கள், ஜிபிஎஸ் வழி இறங்குவது என்று முடிவு. ஏப்ரல் 22 முதல் விமானம் ஓடியது.

அக்கம்பக்கம் என்றால் நாம் ஃபெர்ன்வேல், ஈசூன் என்று நினைக்கிறோம். ரன்வேக்கு எதிர்வீடு இன்னொரு நாடு. அந்த வீட்டு அம்மா "என் சன்னலை மறைக்காதே" என்றதும் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசின. நம் வீட்டு மீனா கத்தினால் ஹேங்கர்க் கிழவன் ஒருவன் நோட்டோடு மாடி ஏறுகிறான்.

பழைய ஹேங்கர்
17 செப்டம்பர், இரவு 10.40

அந்தப் பயணத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். மே மாதம் போனேன். ஹவ்காங்கிலிருந்து 102 பேருந்து, முனைய வாசலிலேயே இறங்கலாம். பேருந்தை விட்டு இறங்கி விமானத்தில் உட்கார ஆன நேரம், சாங்கியில் சரியான வாசலைக் கண்டுபிடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. தார்ப்பரப்பில் நடந்துபோய், பின்பக்கப் படியில் ஏற வேண்டும். இறக்கைக்குக் கீழே நடக்கையில் கை தன்னால் போய் என்ஜின் மூடியைத் தட்டிப் பார்க்கத் துடித்தது. பணிப்பெண் பார்த்த பார்வையில் கையைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குமுன் பயணியாக இங்கிருந்து போனது மலேசியாவின் தியோமான் தீவுக்கு, பெர்ஜாயா ஏரின் நாலு புரொப்பெல்லர் டாஷ் 7-இல். அங்கே மலையை ஒட்டிய குட்டி ரன்வேயில் இறங்கும்போது மனைவி என் கையில் பதித்த நகம் ஒரு வாரம் இருந்தது.

2020-இல் கோவிட் வந்து ஃபயர்ஃபிளையும் நின்றது. 2022 ஜூன் 13-இல்தான் மறுபடி.

ஈசூன் பெரிசு
14 அக்டோபர், காலை 11.00

எல்லாம் சரி. யாரிடம் புகார் கொடுப்பது?

பழைய ஹேங்கர்
14 அக்டோபர், பிற்பகல் 2.20

இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜூலையில் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். புகார் இல்லை, கேள்வி. வாரக் கடைசியில் பயிற்சிச் சுற்று எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அதைப் புளோக்குக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியுமா? அவர்கள் மரியாதையாக வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அவர்கள் இன்னொன்றை. மூன்றாமவர், எந்த விமானம், எத்தனை மணி, பதிவு எண் என்ன என்று கேட்டார். பதிவு எண் என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அதோடு சரி.

கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அவர்கள் இடத்திலும் இருந்திருக்கிறேன். ஹேங்கரில் இருந்தபோது ஒருமுறை, இரவு என்ஜின் ஓட்டிப் பார்த்த சத்தத்துக்காக ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், அது நாங்கள் இல்லை" என்றேன். நாங்கள்தான். என் கையில் இருந்த என்ஜின்தான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா வைத்துவிட்டுப் போயிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. 8 ஜூலை இரவு மீனாவுக்கு எழுதியதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம் என்பது இதை எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது.

தேசிய தின ஒத்திகைக்கு முன்கூட்டி அறிவிப்பு வருகிறது. இன்ன நாள், இன்ன நேரம், சத்தம் இருக்கும் என்று. அதைப் படித்தவர்கள் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். சத்தம் அதே சத்தம்தான்.

ஃபெர்ன்வேல் மீனா
14 அக்டோபர், இரவு 9.45

அந்த அறிவிப்பை நான் பார்க்கவில்லை, அதனால்தான் இத்தனையும். போன வாரம் பையன் சத்தம் கேட்டு எழவில்லை. பழகிவிட்டான் போல. எனக்குத்தான் இன்னும் இல்லை.

பழைய ஹேங்கர்
15 அக்டோபர், காலை 7.00

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை மாடிக்கு வாருங்கள். காற்று மாறியிருக்கும்.

பழைய ஹேங்கர்
13 ஜனவரி 2024, பிற்பகல் 1.10

வந்தார்கள். மீனா, வீட்டுக்காரர், பையன். முறுக்கு டப்பா ஒன்று, பெரிய பைனாகுலர் ஒன்று. ஈசூன் பெரிசும் எல்ஆர்டி பிடித்து வந்துவிட்டார். நேரில் பார்த்தால் என்னைவிட நாலு வயது இளையவர், பெயரில் மட்டும்தான் பெரிசு. நல்ல காற்று, வடகிழக்கு, குடை இரண்டு முறை திரும்பிவிட்டது. நோட்டிலிருந்து:

8.20 டர்போபிராப், இறக்கம், மேற்கே. சத்தம் கொஞ்சம்தான். மீனா பேச்சை நிறுத்தவில்லை.

8.41 ஒற்றை என்ஜின், சுற்று. சத்தம் ஜூலை மாதிரியே. மீனா என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டேன்.

8.58 பிசினஸ் ஜெட், இறக்கம். ஜூலையில் காலையிலேயே பெரிய சத்தம் இதுதான், இன்று பெரிசு தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை, முறுக்கு.

9.15 ஒற்றை என்ஜின், அதே பிள்ளை, மூன்றாவது சுற்று. சக்கரம் தொட்டது பைனாகுலரில் தெரிந்தது என்கிறார் மீனா வீட்டுக்காரர். நான் நம்பவில்லை.

9.40 சத்தம், பக்கத்தில், விட்டு விட்டு. எல்லாரும் வானத்தைத் தேடினோம். பையன் கம்பி வழியாகக் கீழே பார்த்து, "தாத்தா, புல்வெட்டி" என்றான்.